எனக்கு அளவெடுத்த டிரைவர் சீட்டு

சென்ற மாதம் என் அக்கா மகன் பூமிநாதன் இரண்டு வண்ணப் புத்தகங்களைக் கொண்டுவந்து என் கட்டிலில் போட்டான். இரண்டும் லாரி விளம்பரம். இரண்டு லாரிக்கும் ஒரே இன்ஜின், ஒரே சக்கரம், ஏற்றும் பாரமும் ஒன்றுதான். ஆனால் விலையில் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒரு ஜோடிக் காளையும் வண்டியும் வாங்கலாம். அந்த வித்தியாசம் முழுக்க டிரைவர் உட்காருகிற கேபினுக்கு.

“வருசா வருசம் வெல ஏறிக்கிட்டே போகுது மாமா. இதுல சொகுசுக்குன்னு தனியா வேற கேக்குறாய்ங்க. நீங்க காலமெல்லாம் ஓட்டுனவுக. வேணும்னா வேணும்னு சொல்லுங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்” என்றான்.

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இதே கேள்வியை முன்பு ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அன்று நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. பார்த்துச் சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டு, அந்தப் புத்தகங்களைத் திறக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்களுக்குக் கடலாடிப் பக்கம் மானாவாரி மிளகாய்க் காடு. மழை வந்த வருடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எழுபத்து நாலில் அய்யா என்னைச் சாயல்குடி லாரி செட்டில் கொண்டுபோய் விட்டார். வண்டி கழுவினேன், பஞ்சர் பார்த்தேன், திட்டு வாங்கினேன், ஸ்டியரிங்கைத் தொட்டேன், லைசென்ஸ் எடுத்தேன். அதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா டிரைவருக்கும் அது ஒரே கதைதான்.

முதலாளி பெயர் காசிலிங்கம். மாரியூர்ப் பக்கத்து உப்பளங்களிலிருந்து உப்பும், உள்ளூரிலிருந்து விறகுக் கரியும், பாம்பன் தீவிலிருந்து கருவாடும் மதுரைக்கு ஏற்றுவதுதான் தொழில். நல்ல மனிதர். சம்பளம் தேதி தவறாது. யாரையும் கை நீட்டியதில்லை, வாய்விட்டுத் திட்டியதும் இல்லை. செட்டின் வாசலில் ஒரு நாற்காலி போட்டு, மடியில் வறுத்த கடலையைக் கொட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றபடி வேலை வாங்குவார். யாராவது ஏதாவது வேண்டும் என்று கேட்டால் மறுக்கவே மாட்டார். கேட்டதைக் கொடுத்துவிட்டு, அதையே அந்த ஆளுக்குப் பெயராக வைத்துவிடுவார்.

வேலுச்சாமி என்று எங்களுக்கெல்லாம் மூத்த டிரைவர் ஒருவர் இருந்தார். மூலத்தால் அவதிப்பட்டவர். சீட்டுக்கு ஒரு மெத்தை வேண்டும் என்று கேட்டார். மறுநாளே முதலாளி நல்ல இலவம்பஞ்சில் மெத்தை தைத்துக் கொடுத்தார். அதற்கடுத்த நாளிலிருந்து, “மெத்தைக்காரரே, லோடு ஏத்தியாச்சா? மெத்தைக்காரரே, சாப்பிட்டீகளா?” வார்த்தைக்கு வார்த்தை ‘ர்’ போட்டு, அத்தனை மரியாதையாகக் கூப்பிடுவார். உப்பளத்தில் பெட்டி சுமக்கும் பெண்கள்வரை அந்தப் பெயர் பரவியது. அவர் மகள் கல்யாணத்தின்போது, மெத்தைக்காரர் வீட்டுக் கல்யாணம் எந்தத் தெரு என்று வழி கேட்டுக்கொண்டு போனார்கள். அந்த மனிதர் அதற்கப்புறம் அந்த மெத்தையில் உட்காரவில்லை. அதைச் சுருட்டிப் பின்னால் போட்டுவிட்டுப் பலகையிலேயே உட்கார்ந்து ஓட்டி, ஓய்வு பெற்றுப் போனார். காற்றாடி கேட்ட இன்னொருவருக்குக் காற்றாடி என்றே பெயர். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் செட்டில் பால் கிடைக்கும், கூடவே பெயரும் கிடைக்கும் என்று தெரிந்ததால் யாரும் அழுவதில்லை.

வேலுச்சாமி போன பிறகு மூத்த டிரைவர் நான். அந்தச் சமயத்தில்தான் புது வண்டி வாங்கினார்கள். பாம்பன் சாலைப் பாலம் திறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

இன்றைக்கு லாரி வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அப்போது லாரி என்று முழு லாரியை வாங்குவதில்லை. கம்பெனி கொடுப்பது சேஸ் மட்டும்தான். அதாவது சட்டம், இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங். கேபின் கிடையாது, கதவு கிடையாது, சீட்டும் கிடையாது. ஒரு பழைய மரப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, அதன் மேல் உட்கார்ந்து, கண்ணைத் தவிர முகம் முழுக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு மழையிலும் வெயிலிலும் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். மதுரையில் பாடி கட்டும் பட்டறையில் விட்டால் ஆசாரிகள் மரமும் தகரமும் வைத்துக் கேபின் கட்டுவார்கள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருந்தது. மூத்த டிரைவர் சேசோடு பட்டறைக்குப் போய், வேலை முடியும்வரை அங்கேயே படுத்துக்கிடந்து கட்டி வாங்கிவர வேண்டும். சீட்டு எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால், கால் வைக்கும் இடம் எப்படி, எல்லாம் அவர் சொல்வதுதான். அவர் சொல்லும் கேபினில்தான் அதற்கப்புறம் அந்த வண்டியை ஓட்டுகிற எல்லோரும் உட்கார வேண்டும்.

நான் கிளம்புகிற அன்று காலை செபஸ்தியான் என்னைத் தேடி டீக்கடைக்கு வந்தான். தீவில் தங்கச்சிமடத்துக்காரன். என்னைவிடச் சில வயது இளையவன், குள்ளமான ஆள். கடல் வேண்டாம் என்று லாரிக்கு வந்தவன். ஓட்டுவதில் எனக்கு ஒரு முழம் மேல் என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லியிருக்க மாட்டேன்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது” என்றான்.

“சொல்லுலே.”

“சீட்ட முன்னாடி, பின்னாடி தள்ளுற மாதிரி ரெண்டு சட்டம் வச்சுக் கட்டச் சொல்லுங்கண்ணே. பழைய வண்டியில கிளச்ச மிதிக்க நான் சீட்டு நுனிக்கு வந்துதான் ஒக்கார வேண்டியிருக்கு. இடுப்பு விட்டுப்போகுது. அப்புறம் இன்ஜின் பெட்டிக்கு உள்ளாக்க தேங்கா நாரு வச்சு ஒரு தகடு அடிக்கச் சொல்லுங்க. இடது காலு வேகுதுண்ணே.”

இன்ஜின் பெட்டி என்றால், கேபினுக்குள் டிரைவருக்கு இடதுபுறம் இன்ஜினை மூடியிருக்கும் தகரக் கூடு. கிளச்சை மிதிக்கும் இடது கால் அதை ஒட்டித்தான் இருக்கும். வெயில் நேரத்தில் அதன் மேல் அரிசி போட்டால் பொரியும் என்று கேலி பேசிக்கொள்வோம்.

“நீயே மொதலாளிகிட்டச் சொல்ல வேண்டியதுதான?” என்று கேட்டேன்.

“எனக்குப் பேரு வச்சுருவாருண்ணே. நீங்க மூத்தவுக. நீங்க சொன்னா அது வண்டிக்குச் சொன்னது. நான் சொன்னா எனக்குச் சொன்னது.”

சரி என்றேன். செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தேன், அதில் பொய்யில்லை.

செட்டு வாசலில் எல்லா டிரைவர்களும் நின்றிருந்தார்கள். முதலாளி கடலையை உடைத்தார். தோலை ஊதினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“என்னப்பா முனியாண்டி, வண்டி வெலயெல்லாம் கூடிப்போச்சு. இருந்தாலும் பரவாயில்ல. கேபினுக்கு என்னென்ன வேணுமோ கூச்சப்படாம கேளு. மெத்தையா, காத்தாடியா, என்ன வேணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செபஸ்தியான் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். முதலாளி கடலையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் காத்திருக்கிற அழகைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த நேரத்தில் வாயைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று.

“ஒண்ணும் வேணாம் மொதலாளி. ஓட்டுறவனுக்குப் பலகை போதும்” என்றேன்.

“இவன்தான்யா டிரைவர்” என்றார் எல்லோரையும் பார்த்து. அந்த வார்த்தை மதுரைவரை என் காதில் இனித்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது. செபஸ்தியானை நான் மறந்துவிடவில்லை. அவன் கேட்டது நெஞ்சில் நன்றாக இருந்தது, இருந்தும் இனித்தது.

பட்டறையில் ஆசாரி வயதானவர், மெதுவாக வேலை செய்கிறவர். கேபின் தரைப்பலகை அடித்ததும் இரண்டு செங்கல் மேல் ஒரு மணைக்கட்டையை வைத்து என்னை உட்காரச் சொன்னார். கிளச்சை முழுக்க மிதிக்கச் சொன்னார். மிதித்தபடி இருக்கும்போதே முட்டிக்கும் பலகைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். பிரேக்கில் கால் வைக்கச் சொல்லி, ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுக்க ஒடிக்கச் சொல்லி, என் தோள்பட்டை எங்கே போகிறது என்று பின்னால் நின்று கவனித்தார். பென்சிலால் தரையில் ஒரு கோடு போட்டார். “இன்னும் ஒரு அரை விரக்கடை பின்னால” என்று அவரே சொல்லி, அழித்துவிட்டு மறுபடி போட்டார். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோலத்தான். எனக்கு அப்படி யாரும் அதற்கு முன் அளவெடுத்ததில்லை.

“இத நீங்க மட்டுந்தான் ஓட்டுவீகளா, வேற ஆளும் ஓட்டுவாகளா?” என்று கேட்டார் ஆசாரி. “வேற ஆளு ஓட்டுனா ரெண்டு சட்டம் வச்சுத் தள்ளுற மாதிரி அடிச்சுரலாம். அதுல ஒண்ணும் பெரிய செலவில்ல.”

முதலாளி அங்கே இல்லை. கடலை இல்லை, சிரிக்க ஆளில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் வண்டி ஊருக்குப் போனதும் முதலாளி அந்தச் சட்டத்தைப் பார்ப்பார், இது யார் கேட்டது என்பார், இவன்தான் டிரைவர் என்ற பெயர் போய்விடும். அதுதான் எனக்குத் தோன்றியது.

“நான்தான் ஓட்டுவேன்” என்றேன். ஆசாரி கோட்டின் மேல் சீட்டை வைத்து ஆணி அடித்தார்.

சில மாதம் நான்தான் ஓட்டினேன். பிறகு தீவிலிருந்து கருவாட்டு லோடு அதிகமானது. அங்கே ஆட்களைத் தெரிந்தவன் வேண்டும் என்று முதலாளி அந்த வண்டியைச் செபஸ்தியானிடம் கொடுத்துவிட்டு, என்னைக் கரி லோடுக்கு மாற்றினார். சாவியை நான்தான் அவன் கையில் கொடுத்தேன். அவன் ஏறி உட்கார்ந்தான். கிளச்சை மிதித்துப் பார்த்தான். இன்ஜின் பெட்டியைக் கையால் தட்டிப் பார்த்தான், வெறும் தகரச் சத்தம் கேட்டது. என்னைப் பார்க்காமல், “வாரேண்ணே” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அதற்கப்புறம் அந்த வண்டியை எங்கே பார்த்தாலும் எனக்கு உள்ளே சுருக்கென்றிருக்கும். முதுகுக்குப் பின்னால் மடித்த சாக்கை அண்டக் கொடுத்திருந்தான். கிளச்சு மிதியின் மேல் ஒரு மரக்கட்டையைக் கயிறு சுற்றிக் கட்டியிருந்தான். இன்ஜின் பெட்டியின் மேல் ஈரச்சாக்கு. உச்சிப்புளியில் தண்ணீர் பிடித்து நனைப்பான், ராமநாதபுரம் வருவதற்குள் காய்ந்துவிடும். இப்படியே வருடங்கள் ஓடின. நான் கேட்டிருக்கலாம், ஏதாவது செய்திருக்கலாம். எதிரே அவன் வண்டி வந்தால் ஒலிப்பானை அடித்துவிட்டுப் போனேன்.

கரியும் கருவாடும் இல்லாத ஒருநாள் மத்தியானம் மாரியூர் உப்பளத்தில் எங்கள் இரண்டு வண்டியும் உப்பு லோடுக்கு நின்றன. செபஸ்தியான் வண்டியை நிறுத்தினான், இன்ஜினை அணைத்தான், ஆனால் இறங்கவில்லை. தூங்குகிறான் என்று நினைத்தோம். பெண்கள் உப்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு காத்து நின்றார்கள், பின்கதவை அவன்தான் திறந்துவிட வேண்டும். நான் படியில் ஏறிக் கதவைத் திறந்தேன். அவன் விழித்துத்தான் இருந்தான். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

“அண்ணே, காலு எங்கன இருக்குன்னு தெரியல” என்றான்.

கைலியை விலக்கிப் பார்த்தேன். இடது கெண்டைக்கால் இன்ஜின் பெட்டியின் மேல் சாய்ந்து கிடந்தது. சாக்கு நழுவிக் கீழே விழுந்திருந்தது. கால் வெந்து தோல் உரிந்து தகரத்தில் ஒட்டியிருந்தது. அவன் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான், வலித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இடுப்புக்குக் கீழே அந்தக் காலுக்கு உணர்வே இல்லாமல் போயிருந்தது.

நானும் இன்னொருவனும் அவனை உப்பு மூட்டையைப்போல இறக்கினோம். அத்தனை பெண்களும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். மூடிக்கொள்ள வேண்டியவன் நான்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில், இடுப்பில் நரம்பு நசுங்கி வெகுகாலமாகிவிட்டது, உட்காருகிற விதத்தால் வந்தது என்றார்கள். முதலாளி ஓடிவந்தார். உண்மையாகவே பதறிப்போயிருந்தார். செலவு முழுவதும் தன்னுடையது என்றார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலைத் தடவினார்.

“ஏம்பா, ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் செஞ்சு குடுத்திருக்க மாட்டேனா?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏன் முனியாண்டி, நீதான கட்டி வாங்கிட்டு வந்த. இவன் உங்கிட்டயாச்சும் ஒண்ணும் சொல்லலையா?”

சொன்னான் என்றால் போதும், ஒரே சொல். அது வரவில்லை.

“நான் யார்ட்டயும் சொல்லல மொதலாளி” என்றான் செபஸ்தியான், கூரையைப் பார்த்துக்கொண்டு.

அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். காப்பாற்றினான். அன்றைக்கு விழுந்த நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவன் மறுபடி வண்டி ஓட்டவில்லை. தங்கச்சிமடத்தில் சின்னதாக ஒரு கடை வைத்தான். முதலாளி அந்த வண்டியை மறுபடி எனக்கே கொடுத்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். கால் சரியாகக் கிளச்சுக்குப் போனது, தோள் சரியாக ஸ்டியரிங்குக்குப் போனது. எனக்கு அளவெடுத்த சீட்டு அல்லவா, கையுறைபோல இருந்தது. அது வசதியாக இருந்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. ஓய்வு பெறும்வரை அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இனி பூமிநாதன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவனோடு ராமநாதபுரத்தில் லாரி விற்கும் இடத்துக்குப் போனேன். அவன் வேலைக்கு வைக்கப்போகிற டிரைவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். கருப்பையா என்று ஒருவர், நடுவயது, அதிகம் பேசாதவர். விற்பனைக்கார இளைஞர் விலை கூடின வண்டியின் கதவைத் திறந்துவிட்டார்.

சொகுசு எல்லாம் சொகுசில்லை. கூரையில் நீல விளக்கு, மரம்போல வர்ணமடித்த பிளாஸ்டிக், பாட்டுப் பெட்டிக்கு நாலு ஒலிபெருக்கி, இதற்கெல்லாம் காசு கொடுப்பவன் ஏமாளி. வெளியே ஒட்டியிருக்கும் பளபளப்புத் தகடு நம் உப்புக் காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாங்காது. ஏசியைப் பற்றி எனக்கு இரண்டு மனம். உப்பளத்தில் கதவைத் திறந்து திறந்து மூடுகிறவனுக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்று தெரியவில்லை. ஆனால் ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் ஒடிக்க முடிந்தது. இன்ஜின் பெட்டியைத் தொட்டேன், உள்ளே கனமாக ஏதோ வைத்து மூடியிருந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு கைப்பிடி இருந்தது. அந்த இளைஞர் அதை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். சீட்டு என்னையும் தூக்கிக்கொண்டு முன்னால் போனது. இன்னொன்றைத் தொட்டதும் கீழே இறங்கியது. செபஸ்தியான் உயரத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டேன்.

கீழே நின்ற பூமிநாதன் கருப்பையாவிடம் கேட்டான்: “ஓட்டப்போறது நீங்க. ஒங்களுக்கு எது வேணும், சொல்லுங்க.”

கருப்பையா சிரித்தார். “எதுன்னாலும் ஓட்டுவேன் மொதலாளி. நமக்கு என்ன, பலகை போதும்.”

“பாத்தீகளா மாமா, அவருக்கே வேணாமாம். நீங்க என்ன சொல்றீக?” என்றான் பூமிநாதன்.

“அவரு கேக்க மாட்டாரு” என்றேன். “கேக்கவே மாட்டாரு. அதனால நான் கேக்குறேன். இந்தச் சீட்டு வேணும். இந்த இன்ஜின் பெட்டி வேணும், இந்த ஸ்டியரிங் வேணும். விளக்கும் பாட்டும் பளபளப்புத் தகடும் வேணாம். மத்தது எல்லாம் வேணும்.”

“ஓட்டாத ஆளுக்கு இம்புட்டுச் சொகுசா? இனிமே ஒங்களுக்கு மெத்தைக்கார மாமான்னுதான் பேரு” என்று சிரித்தான் பூமிநாதன். வேலுச்சாமியின் கதையை அவன் கேட்டதே கிடையாது. சும்மா வாயில் வந்ததைச் சொன்னான்.

வீட்டில் இப்போது பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகின்றன. கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். வயிற்றுவலி வரவில்லை, தலை போகவில்லை. இதற்காகவா ஒரு மனிதனின் காலைக் கொடுத்தேன் என்பதுதான் ஆறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடம் போனேன். கடையில் செபஸ்தியான் மட்டும் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். ஆசாரி கேட்டதையும், நான்தான் ஓட்டுவேன் என்று சொன்னதையும்கூடச் சொன்னேன்.

“தெரியும்ணே” என்றான். “ஏறி ஒக்காந்த அன்னைக்கே தெரியும். அந்தச் சீட்டுல நீங்கதான் ஒக்காந்திருந்தீக. நான் ஒங்க மடியிலதான் ஒக்காந்து ஓட்டுனேன்.”

டீ சொல்கிறேன், இருங்கள் என்றான். இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி மறுபக்கம் வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.